அத்தியாயம் 4: உன் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது?

பதினாறு வயதில் எனக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நல்லா படி, கெட்ட சகவாசம் வேணாம், உழைச்சா முன்னுக்கு வரலாம் என்று தெருவே சொல்லும். மூன்றும் சரியான பேச்சுதான். ஆனால் வட சென்னையில், ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ பிறந்தவனுக்கு உழைப்பைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்னே காசிமேட்டில் மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. கம்பெனி கேட்டில் மூன்று ஷிப்ட்டும் ஓடுகிறது. அப்படியிருந்தும், நாற்பது வருடம் உழைத்துவிட்டு அறுபதில் வாட்ச்மேன் வேலை தேடுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதே தெருவில், அதே அளவு உழைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் பேப்பர் படிக்கிறவரும் இருக்கிறார். அவருடைய பெயர் ஏதோ ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. மற்றவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை.

அன்றைக்கு இருந்த எனக்கு இன்று ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: எங்கே போனாலும் உன் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்று பார். இந்த அத்தியாயத்தை அந்தப் பையனுக்கு எழுதுவதாகவே எழுதுகிறேன். படிக்கிற உனக்கும் அதே வயது என்றால், தம்பியானாலும் தங்கச்சியானாலும், இது உனக்கும்தான்.

இந்த ஊர் சொல்லும் பாடம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பிறகு துறைமுகம் வந்தது, ஆலைகள் வந்தன. இன்றைய அசோக் லேலண்ட் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் தொடங்கியது. ஐம்பதுகளில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்று மெட்ரோ நிலையத்தின் பெயராக நிற்கிறது.

வந்தது போலவே மூடவும் மூடின. பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996-ல் மூடியது. 1970-ல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஓர் ஆலை மூடும்போது கணக்குத் தீர்ப்பது மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். கேட்டுக்கு உள்ளே அதே மெஷினில் நின்றிருந்தாலும், பெயர் இல்லாதவர் அங்கே வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லை.

சங்கங்களுக்கும் இதே கதைதான். 1918 ஏப்ரல் 27-ல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்னின்றார்கள். 1920-ல் தகராறு முற்றியபோது நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா உள்ளிட்டோர் மீது தடை உத்தரவு வாங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பின்னால் நின்றார்கள். ஆனால் சங்கத்தைக் காக்கச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அந்த வழக்கு கிளப்பிய கேள்விதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டமாக வந்து முடிந்தது. அதன் பிறகே, பதிவு பெற்ற சங்கத்துக்கு அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. கூட்டம் இருந்தும் பதிவு இல்லாததன் விலையை இந்த வட்டாரம் நூறு வருடம் முன்பே கொடுத்துவிட்டது.

இனி பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பள்ளிப் பதிவேடு

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை மார்க் பார்க்கிற தாள் என்று நினைத்துவிடாதே. உன் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் வாழ்நாள் முழுக்க அதுதான் ஆதாரம். பாஸ்போர்ட், கப்பல் வேலை, அரசுத் தேர்வு எல்லாமே அதைத்தான் கேட்கும். ஆதாரில் ஓர் எழுத்து, டி.சி.யில் வேறோர் எழுத்து, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னே, மார்க் ஷீட்டில் பின்னே என்று இருந்தால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் திருப்பி அனுப்புவார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நாமினல் ரோல் என்ற மாணவர் பெயர்ப் பட்டியல் தயாராகும் நேரத்தில் வகுப்பு ஆசிரியரிடம் போய் உன் பெயரை ஒருமுறை காட்டச் சொல். அப்போது திருத்துவது எளிது. மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பிறகு திருத்த அலைச்சல் அதிகம்.

படிப்பை நிறுத்துகிற யோசனை பெரும்பாலும் வீட்டில் பணமுடை வரும்போதுதான் வரும். அந்த நேரத்தில் இந்தக் கணக்கையும் போடு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேலே சேரும் பெண்களுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் ‘தமிழ்ப் புதல்வன்’. காலேஜுக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் உண்டு. பணம் உன் பெயரில் உள்ள கணக்கில்தான் விழும். ஆகவே கணக்கை இப்போதே தொடங்கி ஆதாரை இணைத்துவிடு. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவன் என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் கட்டணச் சலுகை உண்டு. அப்பாவோ அம்மாவோ மீனவர் நல வாரியத்திலோ அமைப்புசாரா தொழிலாளர் வாரியத்திலோ உறுப்பினர் என்றால், பிள்ளைகளின் படிப்புக்கு அங்கே உதவித்தொகை இருக்கிறது. வாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை வீட்டில் நீ எடுத்துக்கொள். பெரியவர்களுக்கு அதற்கு நேரம் இருக்காது.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. ‘படிச்சது போதும், வரன் வந்திருக்கு’ என்ற பேச்சு பதினெட்டுக்கு முன்னே வந்தால், அது சட்டப்படி நடக்க முடியாத கல்யாணம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தால் போதும். காலேஜ் தூரம் என்ற காரணமும் இப்போது பழைய பலத்தோடு நிற்காது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஓடுகிறது. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிறது.

2. தொழில் பதிவேடு

இந்த வட்டாரத்தின் பெரிய ஆசை, சீக்கிரம் கைக்கு வரும் கூலி. லீவில் யாரோ ஒரு மேஸ்திரி கூட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் ஐந்நூறு ரூபாய் கையில் விழும். அடுத்த மாதம் பள்ளிக்கூடம் கசக்கும். ‘ஹெல்ப்பர்’ என்று நுழைந்தவன் பத்து வருடம் கழித்தும் ஹெல்ப்பராகவே இருப்பதற்குக் காரணம் கை அல்ல, சான்றிதழ்தான். வெல்டிங் டார்ச்சை உன்னைவிட நன்றாகப் பிடிக்கிறவன் அங்கே இருப்பான். ஆனால் 6ஜி பைப் டெஸ்ட் பாஸ் செய்த தாள் வைத்திருப்பவனுக்குத்தான் பைப் வெல்டர் கூலி.

பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ மட்டும்தான் வழி என்று யாரும் உன்னை நம்ப வைக்க வேண்டாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், வெல்டர், மோட்டார் மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக் என்று பிரிவுகள் இருக்கின்றன. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் ஏ.சி. மெக்கானிக் படிப்பைக் குறிப்பாகக் கவனி. இறாலும் மீனும் ஏற்றுமதியாகும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் இடையில் நின்றுவிட்டால் சரக்கு முழுக்க வீண். அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு யார்டில் வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஐ.டி.ஐ. அத்தோடு முடிகிற படிப்பும் அல்ல. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம். இந்த ஏணியில் ஒவ்வொரு படியிலும் நின்று சம்பாதித்துவிட்டு அடுத்த படிக்கு ஏற முடியும். பணமுடை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருந்துகிற படிப்பு குறைவு.

ஐ.டி.ஐ. முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போ. 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டு; முடிவில் தேர்வு எழுதினால் தேசியச் சான்றிதழ் உண்டு. பயிற்சி கொடுத்த கம்பெனி வேலையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில் உள்ளே போகாதே, சான்றிதழுக்காகப் போ.

3. கப்பல் பதிவேடு

ஷிப்பு வேலை என்றால் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கனவு, ஒவ்வொரு தெருவிலும் ஓர் ஏமாற்று. ஜி.பி. ரேட்டிங் என்ற ஆரம்பநிலைப் பயிற்சிக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 40 சதவீதம் வேண்டும். பயிற்சி ஆறு மாதம். பயிற்சி நிலையத்துக்கு மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார். கப்பலுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. ‘ரெண்டு லட்சம் கொடு, ஜாயினிங் லெட்டர் தரேன்’ என்பவனை அந்த நிமிடமே விட்டுவிடு.

இன்னொன்று: கட்டணம் கட்டுவதற்கு முன் அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் கண் பரிசோதனை செய்துகொள். நிறக்குருடு இருந்தால் டெக் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். பணம் கட்டிய பிறகு இது தெரியவந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

4. சம்பளப் பதிவேடு

முதலில் சட்டம். பதினான்கு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைப்பதும், பதினெட்டு நிரம்பாதவரை ஆபத்தான தொழில்களில் வைப்பதும் 2016 சட்டத் திருத்தத்தின்படி குற்றம். ‘வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லு’ என்று சொல்லிக்கொடுக்கிறவர், உனக்கு அடிபட்டால் உன்னைத் தெரியவே தெரியாது என்றும் சொல்வார்.

பதினெட்டுக்குப் பிறகு வேலையில் சேர்ந்தால், முதல் மாதமே கேட்க வேண்டியவை மூன்று: சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண்.

இ.எஸ்.ஐ.: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு உண்டு. உன் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளத்தில் உன்னிடம் பிடிப்பது 120 ரூபாய்தான். அதற்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரைக்கும் உனக்கும் வீட்டுக்கும் வைத்தியம் உண்டு. வேலையில் விபத்து நேர்ந்தால், சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊனத்துக்கான உதவித்தொகையும் உண்டு. அட்டை இல்லாமல் விரல் போனவர்களுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பும் கூலியோடு கணக்கு முடிந்துவிடும்.

பி.எஃப்.: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000 ரூபாய் என்றால் உன் பங்கு 1,440, முதலாளி பங்கும் 1,440. வருடத்துக்கு 34,560 ரூபாய். முதலாளி பங்கில் ஒரு பகுதி பென்ஷன் நிதிக்குப் போகும். சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுக் கட்டாமல் விடுகிற காண்ட்ராக்டர்களும் உண்டு. அதனால் உமாங் செயலியில் பாஸ்புக்கை மாதாமாதம் பார்.

காண்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்தாலும் ஒன்றை விட்டுவிடாதே. வருடா வருடம் காண்ட்ராக்டர் பெயர் மாறும், யு.ஏ.என். என்ற உன் பன்னிரண்டு இலக்க எண் மாறக் கூடாது. ஒவ்வொரு முறையும் புது எண் போட்டால் பழைய சர்வீஸ் தொங்கலில் நிற்கும். காண்ட்ராக்ட் முடிந்ததும் பணத்தை எடுத்துவிடுகிற பழக்கம் இங்கே எல்லாரிடமும் இருக்கிறது. எடுக்காமல் புதுக் கணக்குக்கு மாற்று. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். எடுக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

5. போலீஸ் பதிவேடு

இதுவரை சொன்னவை பெயர் ஏற வேண்டிய பதிவேடுகள். இது ஏறக் கூடாதது.

பதினாறு, பதினேழில் ‘கெத்து’ என்ற ஒன்று எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரியும். பஸ்ஸில் ஃபுட்போர்டு, கும்மிடிப்பூண்டி ரயிலில் கோஷம், காலேஜ் சேர்ந்ததும் பஸ் ரூட்டில் பையன்களுக்குத் தலைவன் என்று ‘ரூட்டு தல’ பட்டம். இரண்டு காலேஜ் பையன்களுக்கு நடுவே சொத்துத் தகராறு கிடையாது, முன்பகை கிடையாது. ஒரே பஸ் ரூட், வேறு வேறு காலேஜ், அவ்வளவுதான். அதற்காகக் கத்தி எடுத்து உயிரே போன சம்பவங்களைச் சென்னை பார்த்திருக்கிறது.

நீ அடிக்காவிட்டாலும் சட்டம் உன்னை விடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி, அதில் ஒருவன் குற்றம் செய்தால் கூட நின்றவர்களும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பு. ‘மச்சான் கூப்பிட்டான், சும்மா போனேன்’ என்பது கோர்ட்டில் நிற்காத பேச்சு. கத்தியோடு ரீல்ஸ் போடுகிறவன் தன் மேல் வழக்குக்குத் தானே சாட்சி தயார் செய்கிறான்.

பதினெட்டு நிரம்பாதவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டம் ஓரளவு காப்பு தருகிறது. ஆனால் பதினாறுக்கு மேல் கொடுங்குற்றம் என்றால் பெரியவரைப் போலவே விசாரிக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. பதினெட்டுக்குப் பிறகு எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தால் பாஸ்போர்ட் விசாரணையில் அது எழும். பாஸ்போர்ட் சிக்கினால் கப்பல் வேலையும் வெளிநாட்டு வேலையும் சிக்கும். போலீஸ் வேலைக்கு ஆசைப்படுகிறவன் இதை அடிக்கோடு போட்டு வை: தமிழ்நாடு காவல் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கணக்கில் எடுக்கிறார்கள். ஜெயித்த வழக்கும் வேலையைத் தின்றுவிடும்.

செய்யாத தப்புக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் பயந்து எதிலும் கையெழுத்துப் போடாதே. வீட்டுக்குச் சொல்லச் சொல். வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.

6. ஓட்டுநர் பதிவேடு

டிரெய்லர், ஃபோர்க்லிஃப்ட், ஆட்டோ என்று இந்த வட்டாரத்தில் லைசென்ஸ் ஒரு வாழ்வாதாரம். வாடகை வண்டிகளும் சரக்கு வண்டிகளும் ஓட்டும் உரிமத்துக்கு இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினெட்டு நிரம்பும் முன்பே அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டத்தின் கையில் மாட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் வரலாம். உனக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரெய்லர் ஓட்டிப் பிழைக்க நினைப்பவனுக்கு ஐந்து வருடச் சம்பளம் போகும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் சைக்கிளிலோ நடந்தோ போகும்போது, கன்டெய்னர் வண்டி திரும்பும் பக்கத்தில் ஒருபோதும் நிற்காதே. டிரைவருக்கு அந்த இடம் கண்ணாடியிலும் தெரியாது.

7. விளையாட்டுப் பதிவேடு

வட சென்னைக்குக் கேரமும் ஃபுட்பாலும் பாக்ஸிங்கும் பிறப்போடு வந்தவை. வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக கேரம் சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. ஏரியா போட்டியில் வாங்கும் ஷீல்டு வீட்டு ஷெல்ஃபுக்கு அழகு. ஆனால் காலேஜ் சீட்டுக்கும் அரசு வேலை விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் எண்ணப்படுவது அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நடத்தும் மாவட்ட, மாநில, தேசியப் போட்டிச் சான்றுகள். எந்தக் கோச்சிடம் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: ‘சார், மாவட்டச் சங்கத்துல என் பேர் பதிவாகுமா?’

8. காற்றும் தண்ணீரும்

2023 டிசம்பர் இந்த ஊருக்கு மறக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். வாயு வந்தால் செய்ய வேண்டியதைப் பதினாறு வயதிலேயே தெரிந்துவைத்துக்கொள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடு. அமோனியா தண்ணீரில் கரையும். காற்று போகும் திசையிலேயே ஓடாதே, அதற்குக் குறுக்காக விலகு. மூச்சு திணறினால் மருத்துவமனைக்குப் போய், ஓ.பி. சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்து. எண்ணெய்ப் படலத்துக்குப் பிறகு அரசு மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும் படகுகளுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. இப்படி எந்த நிவாரணமும் பட்டியல் பார்த்துத்தான் வரும். படகுப் பதிவும் ரேஷன் கார்டும் சரியாக இல்லாத வீடு, கண்ணெதிரே பாதிக்கப்பட்டிருந்தாலும் அலைய வேண்டிவரும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

ஒரு ஃபைல் வாங்கு. பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், டி.சி. நகல், பேங்க் பாஸ்புக், போட்டிச் சான்றுகள் எல்லாவற்றையும் அதில் போடு. மழை வந்தால் முதலில் மேலே தூக்கி வைக்க வேண்டியது அதுதான். ஆகவே பிளாஸ்டிக் உறைக்குள் வை. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ ஏற்று. இல்லாத சான்றிதழ்களை எழுதி வைத்து, இ-சேவை மையத்துக்கு ஒரு நாள் ஒதுக்கு. வீட்டில் உள்ள பெரியவர்களின் வாரிய அட்டை, பி.எஃப். எண், ரேஷன் கார்டு ஆகியவற்றையும் ஒருமுறை சரி பார்.

எங்கே இருந்து தொடங்குவது என்று கேட்டால்: இன்று ராத்திரியே ஆதாரையும் மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உன் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடு. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நாளைக்கே திருத்தக் கிளம்பு. மற்ற பதிவேடுகள் எல்லாம் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் எழுதப்படும்.